காதில் சொன்ன படம்

விளக்குகள் ஒவ்வொன்றாக மங்கத் தொடங்கியபோது மங்கையர்க்கரசி தோளைச் சாய்த்து, "ஏங்க, கண்ணாடிய ஃப்ரிட்ஜ் மேலயே வெச்சிட்டு வந்துட்டேன், நீங்கதான் சொல்லணும்" என்றாள், வைத்திலிங்கம் "சொல்றேன், சொல்றேன்" என்றார், வேறு என்ன சொல்லியிருக்க முடியும், இந்தப் படத்தை நான் பார்த்தாகிவிட்டது என்றா. பார்த்தாகிவிட்டது. முழுசாக இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வேலை மாற்றலாகித் தனியாகப் போய் இருக்கும் நாக்பூரில், இதே மாதிரி குளிர்ந்த அரங்கில், இதே மாதிரி சாய்ந்துகொடுக்கும் நாற்காலியில், ஆனால் பக்கத்தில் வேறொருத்தி. மகன் எழில் ஹைதராபாத்தில் உட்கார்ந்துகொண்டு, கல்யாண நாளுக்கு அம்மாவையும் அப்பாவையும் குளிர்விப்பதாக நினைத்து, வேளச்சேரி மாலில் மதியக் காட்சிக்கு இரண்டு டிக்கெட் எடுத்து ஃபோனுக்கு அனுப்பிவிட்டான், "ஹிந்திப் படம்ப்பா, நாலஞ்சு ஜோடிங்க கதை, இந்தக் காலத்து உறவுகளைப் பத்தி, நீங்க அம்மா காதுல சொல்லுங்க, அம்மாவுக்கு அதான பிடிக்கும்" என்றான். ஊரில் ஓடுகிற படம் இத்தனை இருக்கிறது, அடிதடிப் படம் இருக்கிறது, பேய்ப் படம் இருக்கிறது, பையன் கண்ணில் இதுதானா பட வேண்டும். பெயரைப் பார்த்ததுமே, "நல்ல படமாடா?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டுவைத்தார். ஒன்றும் தெரியாதவர். கேட்டபோது குரல்கூடத் தடுமாறவில்லை, அதை நினைத்தால்தான் பயமாக இருந்தது, மனுஷனுக்கு ஐம்பத்தைந்து வயதில் புதிதாக ஒரு கலை கைகூடி வருகிறது. திரையில் புகையிலை எச்சரிக்கை முடிந்து மும்பையின் மழை பெய்ய ஆரம்பித்தது.

அவளுக்கு எப்போதும் அவருடைய இடது பக்க நாற்காலிதான். கல்யாணமான புதிதில் அண்ணா சாலையில் ஓர் அரங்குக்கு ஹிந்திப் படம் பார்க்கக் கூட்டிப்போனார், ஜபல்பூரில் வேலை பார்த்துவிட்டு வந்த மிதப்பு, புதுப் பெண்டாட்டியிடம் தன் ஹிந்தியைக் காட்டிக்கொள்ள வேண்டாமா, அவளோ திண்டிவனத்துப் பெண், ஹிந்தியில் ஒரு வார்த்தை தெரியாது, அந்தக் காலத்தில் திரைக்குக் கீழே எழுத்து ஓடுகிற வழக்கமும் கிடையாது. அவர் இடது பக்கம் சாய்ந்து காதில் சொல்ல ஆரம்பித்தார், அவன் அவளை ஊருக்குப் போகாதே என்கிறான், இவள் போயே தீருவேன் என்கிறாள், அந்த அத்தை நல்லவள் மாதிரி பேசுகிறாள் ஆனால் நல்லவள் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் "ம்... அப்புறம்?" என்றாள். திரையில் யாருமே வாயைத் திறக்காதபோதும் அப்புறம் என்றாள். பின்வரிசையிலிருந்து ஒரு ஆள், "சார், மீதிய வீட்ல போய்ச் சொல்லிக்கக் கூடாதா" என்று கேட்க, வரிசையே சிரித்தது, அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், அந்தக் குலுக்கல் அவர் தோளில் வந்து முட்டியது, அந்த இடம் இன்னமும் அவருக்கு ஞாபகம் இருக்கிறது, இடது தோளின் மேல் எலும்பு. பிறகு எழுத்துகள் வந்தன, இங்கிலீஷில் வெள்ளையாக ஓடின, அவள் கூட்டுறவு சங்க அலுவலகத்தில் கோப்பு பார்க்கிறவள், இங்கிலீஷ் ஒன்றும் சிரமமில்லை, ஆனாலும் ஏதாவது ஒன்று, கண்ணாடி வீட்டில் இருக்கும், இல்லையென்றால் எழுத்து ரயில் மாதிரி ஓடுகிறது என்பாள், அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சிலசமயம் அலுப்பாகத்தான் இருந்தது. கழுத்து வலிக்கும். ஒரு நகைச்சுவைக்கு எல்லாரும் சிரித்து ஓய்ந்த பிறகு இவர்கள் இரண்டு பேரும் தனியாகச் சிரிக்க வேண்டியிருக்கும். ஆனால் ஒன்று, இத்தனை வருடத்தில் அவர் ஒரு வசனத்தையும் மாற்றிச் சொன்னதில்லை, சுருக்கியிருப்பார், விட்டிருப்பார், மாற்றியதில்லை. அதில் அவருக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

"யாருங்க இந்தப் பொண்ணு?" என்றாள் மங்கை. "இவளும் அந்தப் பையனும் கல்யாணம் பண்ணிக்காம ஒண்ணா இருக்காங்க" என்றார் அவர். "ம்... அப்புறம்?" அப்புறம் இன்னொரு ஜோடி, விவாகரத்து ஆகி நாயை யார் வைத்துக்கொள்வது என்று சண்டை போடுகிறவர்கள். அப்புறம் ஃபோனிலேயே ஆள் தேடும் ஒரு டாக்டர் பெண். அப்புறம் அந்தக் கிழவர். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காலையில் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு சிரிப்புச் சங்கத்துக்குப் போகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். "எங்க போறாரு?" என்றாள் மங்கை. "சிரிப்புச் சங்கம். பார்க்குல கையத் தூக்கிட்டு ஹா ஹான்னு சிரிப்பாங்கல்ல." "நம்ம ஊர்லயும் இருக்கே" என்று அவள் சிரித்தாள். அந்தக் கிழவர் சிரிப்புச் சங்கத்துக்குப் போகவில்லை என்பது இன்னும் யாருக்கும் தெரியாது, இந்த அரங்கில் வைத்திலிங்கத்துக்கு மட்டும் தெரியும், கிழவரும் அவருமாக ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் போல ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு நாக்பூரில் இந்தக் காட்சியில் ஜோத்ஸ்னா வலது பக்கத்திலிருந்து, "இந்த ஆள் முழி சரியில்லை வைத்தி ஜி" என்று ஹிந்தியில் சொன்னாள், அவர் உடனே சிரித்தார், அவளும் சிரித்தாள், அரங்கும் சிரித்தது, எல்லாம் ஒரே நேரத்தில். அதுதான் விஷயம். ஒரே நேரத்தில். அலுவலகத்தில் அடுத்த மேஜை ஜோத்ஸ்னா, புருஷனைப் பிரிந்து அம்மாவோடு இருப்பவள், சனிக்கிழமை மதியம் அறையில் பூட்டிய கதவுக்குள் உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக ஒரு சினிமா, பிறகு ஒரு டீ, ஆளுக்கொரு ஆட்டோ. முதல் தடவை அவளோடு போனபோது பழக்க தோஷத்தில் இடது பக்கம் சாய்ந்து, அங்கே உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத மீசைக்காரரின் காதில் "அவன் ஊருக்குப் போறானாம்" என்று தமிழில் சொல்லிவிட்டார். ஜோத்ஸ்னா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்து வலிக்காமல், யாருக்கும் எதையும் சொல்லாமல், ஒரு படத்தை முழுசாகப் பார்த்தார், என்ன சுகமாக இருந்தது, அந்தச் சுகத்தை நினைத்தால் இப்போது இந்தக் குளிரிலும் காது மடல் சுட்டது. தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஒரு தடவை ஜோத்ஸ்னா இருட்டில் அவர் முழங்கையைப் பிடித்தாள், அது பயங்கரக் காட்சி, யாராக இருந்தாலும் பிடிப்பார்கள். தப்பு ஒன்றும் நடக்கவில்லை.

தப்பு நடக்கவில்லை என்றால் அலுவலகம் கொடுத்த குவார்ட்டர்ஸை ஏன் வேண்டாம் என்று சொன்னாய். இந்த இடத்துக்கு வந்தால் யோசனை அப்படியே நின்றுவிடும், பழைய மிக்ஸி மாதிரி, எத்தனை தடவை திருகினாலும் அதே உறுமல். வரும்போது ஆட்டோவில்கூட மங்கை கேட்டாள், "குவார்ட்டர்ஸ் பத்தி ஏதும் சொன்னாங்களா?" அவர் வெளியே வேளச்சேரி ஏரியைப் பார்த்துக்கொண்டே, "நம்ம பேரு இன்னும் கீழதான் இருக்கு, மெதுவாத்தான் வரும்" என்றார். "வரட்டும், அதுவரைக்கும் உங்க ரூம்லயே அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம், ரெண்டு பேருக்கு எவ்வளவு இடம் வேணும்" என்றாள் அவள், எழில் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் தான் மட்டும் டிவியோடு பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள், அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "திங்கக்கிழமை விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்துடறேங்க, மேனேஜர்கிட்ட வாயால சொல்லியாச்சு, குடுத்துட்டா திரும்ப வாங்க முடியாது, அதான் உங்ககிட்ட ஒரு வார்த்தை." திங்கட்கிழமை. இன்று சனிக்கிழமை. நடுவில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பரிதாபமாக நின்றுகொண்டிருந்தது. கூடத்தில் புது கிரைண்டர் பெட்டி பிரிக்கப்படாமல் இருக்கிறது, சாய்க்கிற மாடல், ரயிலில் ஏற்ற வசதியாகச் சாக்கு சுற்றித் தைத்து, மேலே மை பேனாவால் நாக்பூர் என்று எழுதிவைத்திருக்கிறாள், நேற்று இரவு தண்ணீர் குடிக்கப் போனபோது அதன் மூலையில் அவர் கால் கட்டைவிரல் இடித்து உயிர் போய்விட்டது, நல்லா வேண்டும். குவார்ட்டர்ஸ் போன மாதமே கிடைத்துவிட்டது. இரண்டு அறை, பின்பக்கம் வேப்பமரம், நிர்வாகப் பிரிவில் சாவியைக் கொடுத்து ஸ்வீட் எங்கே என்று கேட்டார்கள். அவர் போய்ப் பார்த்தார். சமையலறை மேடையை ஜாணால் அளந்துகூடப் பார்த்தார், கிரைண்டர் வைக்க இடம் இருக்கிறதா என்று, தாராளமாக இருந்தது. மறுநாள் காலை சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்கு வேண்டாம், வரிசையில் அடுத்தவருக்குக் கொடுங்கள், என் மனைவிக்கு வேலை இருக்கிறது, அவளால் வர முடியாது" என்றார். ஜோத்ஸ்னா சொல்லி அல்ல. அந்தச் சமாதானம்கூட அவருக்கு இல்லை. ஜோத்ஸ்னா உண்மையிலேயே சந்தோஷப்பட்டு, "வீடு கிடைத்துவிட்டதாமே, பாபி ஜி எப்போது வருகிறார்கள், அவர் கையால் தோசை சாப்பிட வேண்டும்" என்றாள், அவளிடமும் இதே பொய்யைத்தான் சொன்னார். இங்கே ஒருத்தியிடம் வீடு வரவில்லை, அங்கே ஒருத்தியிடம் மனைவி வரவில்லை. எதற்காக? சனிக்கிழமை மதியம் கழுத்தைத் திருப்பாமல் படம் பார்ப்பதற்காகவா? இவ்வளவு அற்பமான காரணத்துக்கு ஒருவன் இருபத்தேழு வருடப் பெண்டாட்டியைத் தள்ளிவைப்பானா? பெரிய காரணமாக இருந்திருந்தால் பரவாயில்லை என்றுகூட அவருக்குத் தோன்றியது, காதல் கத்தரிக்காய் என்று ஏதாவது இருந்திருந்தால் காலில் விழுந்து அழுதிருக்கலாம், இதை எப்படிச் சொல்வது, இதற்கு எந்தக் காலில் விழுவது.

"என்னங்க, நின்னுட்டீங்க, அப்புறம்?" என்றாள் மங்கை. அவர் திடுக்கிட்டுத் திரையைப் பார்த்தார். நாய் டாக்டரின் அறை. விவாகரத்து ஆன அந்த ஜோடி நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, யார் வீட்டு விலாசத்தை எழுதட்டும் என்று டாக்டர் கேட்கிறார். விட்டதைப் பிடிக்கிற அவசரத்தில் வைத்திலிங்கம் மளமளவென்று அவள் காதில், "நாய்க்கு ரெண்டு வீடு இருக்கு டாக்டர், எனக்குத்தான் ஒண்ணுமில்லேங்கறான்" என்றார், சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் சிரித்தார். திரையில் அந்தக் கணவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. மேஜை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திறந்தான். குடித்தான். எவ்வளவு நிதானமாகக் குடிக்கிறான் பாவி, அன்றைக்கு இவ்வளவு நேரம் குடித்த மாதிரி இல்லையே. வாயைத் துடைத்துக்கொண்டான். பிறகு ஹிந்தியில், நாய்க்கு இரண்டு வீடு இருக்கிறது டாக்டர், எனக்குத்தான் ஒன்றுமில்லை என்றான். அரங்கம் சிரித்தது. அவள் சிரித்தாளா என்று திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை, இடது காதை மட்டும் தீட்டி வைத்துக்கொண்டார். அவள் "ம்" என்றாள். அவ்வளவுதான். அப்புறம் வரவில்லை. கவனித்திருக்க மாட்டாள், கண்ணாடி இல்லாமல் யார் வாய் எப்போது அசைகிறது என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது, டிரெய்லரில் பார்த்தேன் என்று சொல்லிவிடலாம், ஃபோனில் வந்தது என்று சொல்லிவிடலாம், கேட்டால்தானே, அவள் கேட்கவே இல்லையே. கேட்காததுதான் உறுத்தியது. எதையும் கேட்டுவிடுகிறவள். வெண்டைக்காய் ஏன் முற்றலாக இருக்கிறது என்பதைக்கூட மூன்று தடவை கேட்பாள்.

இடைவேளையில் அவள் கழிப்பறைக்குப் போனாள், அவர் பாப்கார்ன் வரிசையில் நின்றார். எண்ணெயும் வெண்ணெயும் கலந்த வாசனை குமட்டியது. இப்போதே சொல்லிவிட்டால் என்ன, அவள் திரும்பி வந்ததும், இந்த ஜனக்கூட்டத்திலேயே, மங்கை, இங்க பாரு, நீ எழுதிக் கொடுக்காதே. ஏன் என்பாள். இல்லை, எழுதிக் கொடு, வா, வந்துவிடு, வெளியில் வாடகைக்கு வீடு பார்த்துவிடலாம், யாருக்கும் ஒன்றும் தெரியாமல் எல்லாம் சரியாகிவிடும். சரியாகிவிடுமா, அலுவலகத்தில் எவனாவது ஒருத்தன் வீட்டுக்கு வந்து, பாபி ஜி, நீங்கள் வர மாட்டீர்கள் என்று சொல்லித்தானே சார் குவார்ட்டர்ஸை விட்டுக்கொடுத்தார் என்று அவள் தோசையைத் தின்றுகொண்டே சொல்வான். சால்ட்டா, காரமா என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டாள். அவர் எதையோ சொன்னார். மங்கை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள், நெற்றியோரம் முடி நனைந்திருந்தது, பொட்டு மட்டும் கவனமாக அழியாமல் இருந்தது, அழுதிருப்பாளோ, சே, ஏசி காற்றில் முகம் வறண்டிருக்கும். காலையில் அவர் வாங்கிக் கொடுத்த மல்லிகை லேசாகத் துவண்டிருந்தது. "காரம் ஏன் வாங்கினீங்க, உங்களுக்குத்தான் நெஞ்செரியுமே" என்றபடி டப்பாவை வாங்கிக்கொண்டாள். ஒரு பொரியை எடுத்து வாயில் போட்டு, அதை நன்றாக மென்று விழுங்கிவிட்டு, "ஏங்க, அந்த வெள்ளை ஷூ பெரியவரு பொண்டாட்டிகிட்ட ஏதோ மறைக்கறாரு இல்ல? கடைசில சொல்லிடுவாரா?" என்றாள். அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். சொல்லிவிடுவார், படம் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால், பட்டாணி உரிக்கும்போது. "எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வைத்திலிங்கம். "அதான, உங்களுக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

மறுபடி இருட்டு. பக்கத்தில் எங்கேயோ டக் என்று ஒரு சின்னச் சத்தம், யாரோ கைப்பையை மூடுகிறார்கள், யாரோ பாட்டிலைத் திறக்கிறார்கள். அவர் திரையையே பார்த்துக்கொண்டு தலையை மட்டும் இடது பக்கம் சாய்த்துச் சொல்லிக்கொண்டு போனார், அந்தச் சின்ன ஜோடி சண்டை போட்டது, டாக்டர் பெண் ஒருத்தனைச் சந்தித்து அவன் பெயரை மறந்தாள், நாய் தொலைந்தது, நாய் கிடைத்தது. "ம்" என்றாள். "ம்." காட்சிகள் ஒவ்வொன்றாகக் கழியக் கழியப் பட்டாணி நெருங்கிக்கொண்டிருந்தது, பரீட்சை அறையில் மேற்பார்வையாளர் ஒவ்வொரு மேஜையாகச் சோதனை போட்டுக்கொண்டு வருவது மாதிரி, சட்டைப்பையில் துண்டுக் காகிதம் இருக்கிறவனுக்குத்தான் அந்தக் காலடிச் சத்தம் கேட்கும். எழுந்து பாத்ரூம் போய்விடலாமா. போய்விட்டால் அவளுக்கு அந்தக் காட்சி புரியாது. புரியாது, கண்ணாடி இல்லை. ஆனால் பார்த்தாலே தெரியுமே, ஒருத்தன் குனிந்த தலையோடு பேசுவதும் ஒருத்தி கை நின்றுபோவதும் எந்த மொழியில் இருந்தாலும் அதே சங்கதிதானே. இருந்து சமாளிப்பதுதான் புத்திசாலித்தனம். புத்திசாலித்தனம்! எவ்வளவு சீக்கிரம் இந்த மாதிரி வார்த்தைகள் வந்து கூடவே உட்கார்ந்துகொள்கின்றன. அன்றைக்குப் படம் முடிந்து டீ குடிக்கும்போது ஜோத்ஸ்னா, "அந்தக் கிழவர் மனைவியின் இடத்தில் நான் இருந்தால் அவர் டீ குடித்ததற்காகக் கோபப்பட மாட்டேன் வைத்தி ஜி, தினமும் ஷூ போட்டுக்கொண்டு நடித்ததற்காகத்தான் கோபப்படுவேன்" என்றாள். அவர் பிஸ்கட்டை டீயில் தோய்த்தார், அது உடைந்து உள்ளே விழுந்துவிட்டது. அவளுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா படத்தைப் பற்றித்தான் பேசினாள், தெரிந்திருந்தால் அந்த டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாள்.

பட்டாணி வந்துவிட்டது. சாப்பாட்டு மேஜை, பச்சைத் தோல் குவியல், கிழவரின் மனைவி உரித்துக்கொண்டிருக்கிறாள், கிழவர் எதிரே வந்து உட்கார்ந்து தானும் ஒரு காயை எடுக்கிறார். சிரிப்புச் சங்கத்தை மூடி இரண்டு வருடம் ஆகிறது என்றார் ஹிந்தியில். "என்னமோ டாக்டர்கிட்டப் போனாராம்" என்றார் வைத்திலிங்கம். "ம்" என்றாள் மங்கை. நான் தினமும் போனது அங்கே இல்லை, பார்க் வாசலில் ஒரு கடை இருக்கிறது, அங்கே ஒருவரோடு உட்கார்ந்து டீ குடித்தேன் என்றார் கிழவர். "சர்க்கரை ஏறிப்போச்சாம். டீல சர்க்கரை போடக் கூடாதுன்னுட்டாராம் டாக்டர்" என்றார் வைத்திலிங்கம். வாய் தன்பாட்டுக்கு ஓடியது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வேண்டாம் என்றிருக்க மாட்டாய், அது தெரிந்தும் சொல்லவில்லை, எனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அந்த இடத்தில் நீ இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டேன் என்றார் கிழவர், கிழவரின் குரல் உடைந்தது. "அதனால இனிமே ஸ்வீட்டெல்லாம் வாங்காதேங்கறாரு" என்றார் வைத்திலிங்கம். முன்வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். சர்க்கரை வியாதிக்கு யாராவது மூக்கை உறிஞ்சுவார்களா. அரங்கம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது, இவர் மட்டும் அந்த நிசப்தத்தின் நடுவில் ஒரு பெண்ணின் காதில் ஸ்வீட், சர்க்கரை என்று ஊற்றிக்கொண்டிருந்தார், இருபத்தேழு வருடமாக அவர் எது சொன்னாலும் அப்படியே வாங்கிக்கொண்ட காது, ஒரு தடவைகூட நிஜமா என்று கேட்காத காது. அவருக்கு அழுகை வந்தது. அவள் ஏன் ம் சொல்லவில்லை என்று திரும்பிப் பார்த்தார்.

அவள் கண்ணாடி போட்டிருந்தாள். இரண்டு கண்ணாடி வில்லைகளிலும் இரண்டு சின்னத் திரைகள் தெரிந்தன, இரண்டிலும் பச்சையாகப் பட்டாணிக் குவியல், அதற்குக் கீழே மெல்லிய வெள்ளைக் கோடாக எழுத்துகள் வந்து வந்து போய்க்கொண்டிருந்தன. அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தாள். ரயில் மாதிரி ஓடுகிறது என்று அவள் சொல்லும் எழுத்துகளை ஒரு வரி விடாமல் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தாள். அந்த டக் சத்தம், அது கண்ணாடிக் கூடு. ஃப்ரிட்ஜ் மேல் இல்லை, கைப்பையில்தான் இருந்தது, எப்போதும் கைப்பையில்தான் இருந்திருக்கும். சிலிண்டர் பதிவு செய்கிற நாளை மறக்காதவள், நாத்தனார் பேரனின் நட்சத்திரத்தை மறக்காதவள், வருடத்துக்கு நாலைந்து தடவை, ஹிந்திப் படத்துக்குக் கிளம்பும் நாளில் மட்டும், கண்ணாடியை மறந்திருக்கிறாள். அது எப்படி அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை. தோன்றவில்லை, ஏனென்றால் தனக்குக் கழுத்து வலிக்கிறது என்பதுதான் அவருக்கு எப்போதும் பெரிதாக இருந்தது. வீட்டில் அவர் என்ன பேசுவார், சாப்பாடு ஆச்சா, பால்காரன் வந்தானா, சாவி எங்கே. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அவர் அவள் பக்கம் சாய்ந்து, அவள் காதுக்கு மட்டும் பேசியது இங்கேதான், இந்த நாற்காலிகளில்தான். அதற்காக அவள் எத்தனையோ படங்களை மங்கலாகவே பார்த்திருக்கிறாள். பார்க்கக் கூடியதைப் பார்க்காமல் விட்டுவிட்டு அவர் சொன்னதை வைத்துக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு நாய் வசனத்துக்குப் பிறகு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டுவிட்டாள். அவர் அவளுடைய குடியிருப்பைத் திருப்பிக் கொடுத்தது மட்டுமல்ல, இதையும் அவளைத் திருப்பிக் கொடுக்கவைத்துவிட்டார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பி முறைத்திருந்தால்கூடத் தேவலை, ஏன் இப்படிப் புளுகினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தேவலை.

திரையில் கிழவர் பேசி முடித்துவிட்டார். அவருடைய மனைவி ஒன்றும் சொல்லாமல் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கும் இந்த இடத்தில் வெகுநேரம் யாரும் பேசவில்லை, வெறும் தோல் பிளக்கிற சத்தம் மட்டும். கீழே எழுத்து இல்லை. மங்கையின் கண்ணாடியில் வெள்ளைக் கோடு இல்லை. வைத்திலிங்கம் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இடது பக்கம் சாய்ந்தார், மல்லிகையும் காரப்பொரியும் கலந்து மணத்தது. "குவார்ட்டர்ஸ் கிடைச்சிருச்சு மங்கை" என்றார், படத்து வசனத்தைச் சொல்கிற அதே கிசுகிசுப்பில், வேறு குரலில் அதைச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. "போன மாசமே கிடைச்சிருச்சு. வேப்பமரம் இருக்கு. மேடையில கிரைண்டர் வெக்கறதுக்கு இடம் இருக்கு, அளந்து பாத்தேன். நான்தான் வேண்டாம்னுட்டேன். உன்னால வர முடியாதுன்னு சொல்லிட்டேன்." பட்டாணி ஒன்று மேஜையில் உருண்டு போனது, அந்த அம்மாள் அதைக் கையால் தடுத்துக் கிண்ணத்தில் போட்டாள். மங்கை எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தார், போனால் பின்னாலேயே ஓட வேண்டும். அவள் பாப்கார்ன் டப்பாவைக் குனிந்து கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பால் ஒரு வில்லையைத் துடைத்து, மறு வில்லையைத் துடைத்து, கூட்டில் வைத்து மூடினாள், டக் என்றது. பிறகு திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, கல்யாணமான புதிதில் செய்த மாதிரியே, காதை மட்டும் அவர் பக்கம் சாய்த்தாள்.

"ம்... அப்புறம்?" என்றாள்.